சரிபார்ப்பதும் சரிக்கட்டுவதும்

பொழிச்சலூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சென்ற மாதம் ஒரு நாள் மாலை ஆங்கிலப் பாடப் புத்தகமும் கையுமாக வந்து, "சார், டெஸ்டுக்கும் எக்ஸாமுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் அவனே, "டெஸ்ட்னா ஐம்பது மார்க், எக்ஸாம்னா நூறு மார்க். அப்படித்தானே சார்?" என்று விடையையும் சொல்லிவிட்டான். "அதுவும் ஒரு வித்தியாசந்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

பையன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு டெஸ்ட், எக்ஸாமின், இன்ஸ்பெக்ட், செக், வெரிஃபை, எக்ஸ்பெரிமென்ட் என்ற சொற்களெல்லாம் அன்றாடம் வாயில் புழங்குபவை. தமிழில் சொல்ல வேண்டி வந்தால் எல்லாவற்றுக்கும் 'சோதனை' என்ற ஒரே சொல்லைப் போட்டு நிரவிவிடுகிறேன். அன்றிரவு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லும் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று தேடலானேன். தேடத் தேட, செய்முறை வகுப்புகளைப் பற்றி எனக்கு வெகுநாளாக இருந்துவரும் ஒரு மனக்குறைக்கும் இந்தச் சொற்களுக்கும் நெருங்கிய உறவு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் டெஸ்ட். இந்தச் சொல்லின் ஆதிப் பொருள் ஒரு மண் சட்டி என்றால் நம்புவீர்களா? இலத்தீன் மொழியில் 'டெஸ்டும்' என்றால் சுட்ட மண் கலம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பொன்னையும் வெள்ளியையும் சோதிக்கும் சிறு கிண்ணத்தின் பெயராக இருந்தது. எலும்புச் சாம்பலைப் பிசைந்து செய்த, ஆழமில்லாத கிண்ணம் அது. கலப்புப் பொன்னில் ஒரு துணுக்கை நிறுத்தெடுத்து, ஈயத் தகட்டில் பொதிந்து, கிண்ணத்தில் இட்டு உலையில் வைப்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஈயம் உருகிக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆக்ஸைடாகிறது. அந்த ஆக்ஸைடு, பொன்னில் கலந்திருக்கும் செம்பு முதலிய மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு, கிண்ணத்தின் நுண்துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கடைசியில் கிண்ணத்தின் நடுவே ஒரு சிறு மணி மட்டும் பளிச்சென்று மிஞ்சும். அதில் இருப்பவை பொன்னும் வெள்ளியும் மட்டுமே. அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துவிடும், பொன் நிற்கும். (வெள்ளி குறைவாக இருந்தால் அமிலம் உள்ளே புகாது. ஆகவே முன்கூட்டியே கூடுதல் வெள்ளியைச் சேர்த்தே உருக்குவார்கள். தூய்மையை அறிய அழுக்கைச் சேர்ப்பது வேடிக்கைதான்!) மிஞ்சிய பொன்னை நிறுத்து, முதலில் எடுத்த நிறையோடு ஒப்பிட்டால் அசல் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்பது வெளியாகிவிடும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் டெஸ்ட் என்ற சொல் கிண்ணத்தை விட்டுக் கிளம்பிப் பொதுவான சோதனையைக் குறிக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் அதற்கும் வெகு காலம் கழித்து.

இப்போது நம்முடைய 'சோதனை'யைப் பாருங்கள். அது வடமொழிச் 'சோதன' என்பதன் தமிழ் வடிவம். தூய்மை செய்தல் என்பது அதன் பொருள். அழுக்கை நீக்கிப் பார்த்தால் உள்ளது தெரியும் என்ற எண்ணம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு இடங்களில் ஒரே மாதிரித் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருப்பதாலேயே சொற்கள் உறவாகிவிடமாட்டா. டெஸ்டிஃபை, டெஸ்டமென்ட் என்ற சொற்கள் சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்' என்ற வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. மண்சட்டிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நம் சோதனைக்கும், ஒளியைக் குறிக்கும் சோதிக்கும் சம்பந்தமில்லாதது போலத்தான்.

அந்தச் சட்டி வழக்கொழிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2021 ஜூன் 16 முதல் நம் நாட்டில் 256 மாவட்டங்களில், தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் அம்மாவின் புது வளையலின் உட்புறம் 916 என்று பொறித்திருந்தால், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். 22-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 22 காரட் என்பதும் அதுவேதான். இந்த எண்ணைத் தீர்மானிக்க இந்தியத் தரநிர்ணயம் கடைசித் தீர்ப்பாக ஏற்றிருக்கும் முறை, மேலே சொன்ன ஈயமும் சாம்பல் கிண்ணமுந்தான்.

எக்ஸாமினுக்கு வருவோம். இதன் மூலம் 'எக்ஸாமென்' என்ற இலத்தீன் சொல். தராசின் நடுவே நிற்கும் முள் என்று பொருள். இரு தட்டுகளும் சமமாகும்வரை அந்த முள்ளையே கண் கொட்டாமல் பார்ப்பதுதான் எக்ஸாமினேஷன். (அதே சொல்லுக்குத் தேனீக் கூட்டம் என்ற பொருளும் உண்டு. தேர்வறை வாசலில் மணியடிக்கும் நேரத்து இரைச்சலைக் கேட்டவர்கள் அதையும் பொருத்தம் என்பார்கள்.) தங்கத்தைச் சோதிப்பதற்குரிய 'அஸே' என்ற சொல்லும், நீங்கள் ஆங்கிலப் பாடத்தில் எழுதும் 'எஸ்ஸே' என்ற கட்டுரையும் உடன்பிறப்புகள், இரண்டும் நிறுத்தல் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லின் வழி வந்தவை. கட்டுரை என்பது ஒரு கருத்தைத் தராசில் இட்டுப் பார்ப்பது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதை எஸ்ஸே என்பது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை!

ஆக, பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். டெஸ்ட் என்பது உலை; எக்ஸாம் என்பது தராசு. உலையில் பொருள் அழிந்து உருமாறுகிறது. தராசில் பொருள் அப்படியே இருக்க, தெரிந்த ஒன்றோடு அதை ஒப்பிடுகிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஊர்ப் பத்தர் ஒரு வழி வைத்திருக்கிறார். கரிய, மழமழப்பான உரைகல்லில் நகையை லேசாக இழுப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன் ஊசியால் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டு கோடுகளின் நிறத்தையும், அமிலத் துளி பட்டதும் எது எவ்வளவு மங்குகிறது என்பதையும் ஒப்பிட்டு மாற்றுச் சொல்லுவார். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. உரைகல்லில் ஒட்டிய பொன்துகளைக்கூட மெழுகால் ஒற்றியெடுத்துச் சேர்த்து வைப்பது அவர்கள் தொழிலின் சிக்கனம். ஒருவரின் செயலே அவரை அளக்கும் உரைகல் என்று சொல்லவந்த வள்ளுவர், கட்டளைக்கல் என்ற சொல்லைத் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் ஆண்டிருக்கிறார் என்றால், அந்தக் கல் அன்றே எவ்வளவு பழகிய பொருளாக இருந்திருக்க வேண்டும்! பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையில் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்ததைப் போலவே பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்தது என்பதைக் கல்வெட்டிலிருந்து அறிகிறோம்.

பார்ப்பதிலிருந்து பிறந்த சொற்கள் இன்னொரு குடும்பம். இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே பார். சர்வே என்றால் மேலிருந்து பார். சூப்பர்வைஸ் என்பதும் அதே மூலந்தான். நம் மேற்பார்வையும் அச்சாக அதேபோல் அமைந்தது. பரீட்சை என்ற வடசொல்லுக்குச் சுற்றிலும் பார் என்பது பகுதிப் பொருள். பரீட்சை அறையில் சுற்றிலும் பார்த்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பார்ப்பது எளிது; பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் காட்டுவதை மட்டுமே அதனால் பார்க்க முடியும். பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல் நாளே தரையைக் கழுவி, உடைந்த பெஞ்சுகளைப் பின்கட்டில் அடுக்கிவிடுவதை நான் மாணவனாகவும் பார்த்திருக்கிறேன், ஆசிரியனாகவும் பார்த்திருக்கிறேன். தங்கத்திலும் இதே கதைதான். இப்போது நகைக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நகையை உள்ளே வைத்தால் எக்ஸ் கதிர் பட்டு ஒவ்வோர் உலோக அணுவும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வீசும். அரை நிமிடத்தில் இத்தனை சதவீதம் தங்கம் என்று திரையில் எண் வந்துவிடும். அருமையான கருவி. ஆனால் தங்கத்துக்குள் அது காணும் ஆழம் சில மைக்ரான்கள், அதாவது நம் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவே. கனத்த முலாம் பூசிய நகை அதை ஏமாற்றிவிடும். சரி, ஆர்க்கிமிடீஸ் வழியில் அடர்த்தியை அளந்தால்? செம்பு கலந்திருந்தால் அகப்பட்டுவிடும்; செம்பின் அடர்த்தி 8.96, தங்கத்தின் அடர்த்தி 19.3. ஆனால் டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25! உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே தங்கத்தைப் போர்த்தினால் ஆர்க்கிமிடீஸ் தொட்டியை விட்டு எழுந்து ஓடவேண்டிய தேவையே வந்திருக்காது. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. கேட்காத கேள்விக்கு அதனிடம் விடை இராது.

மூன்றாவது குடும்பம் சமையலறையில் பிறந்தது. உங்கள் வீட்டில் பாட்டி முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு ஆய்வதைப் பார்த்திருப்பீர்கள். பழுத்த இலையையும் புல்லையும் கிள்ளி எறிந்து நல்லதை மட்டும் சேர்ப்பார்கள். ஆய்வு என்ற கம்பீரமான சொல் அந்த முறத்திலிருந்துதான் எழுந்து வருகிறது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைப்பவர் செய்வதும் கீரை ஆய்வதுதான். கீரைக்கட்டு கொஞ்சம் பெரியது. ஆங்கிலத்தின் ட்ரை, ட்ரையல் என்பனவும் பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவை. தேர்வு, தேர்தல், தேர்ச்சி என்ற மூன்றும் ஒரே பகுதியில் கிளைத்தவை என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள். இன்ஸ்பெக்டரை நாம் ஆய்வாளர் என்கிறோம். பார்ப்பவர் என்று ஆங்கிலம் சொன்னவரை, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பவர் என்று தமிழ் ஒரு படி உயர்த்தி வைத்திருக்கிறது.

இன்னும் சில சொற்களைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். செக் என்பது சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. 'ஷா' என்ற பாரசீகச் சொல் அதன் மூலம். அரசனுக்கு ஆபத்து, கவனி என்று எச்சரிப்பது. ஆடிட் என்றால் கேட்டல். கணக்கை ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் காதால் கேட்டுச் சரிபார்த்த காலத்து நினைவு. எக்ஸ்பெரிமென்ட், எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பர்ட் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆபத்து என்று பொருள்படும் 'பெரில்' அவற்றுக்கு நெருங்கிய உறவு. தோல்வி நேரக்கூடும் என்ற அபாயம் இல்லாவிட்டால் அது எக்ஸ்பெரிமென்ட் ஆகாது என்று சொல்லே சொல்கிறது. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடகிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பரங்கிமலை. விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கு அப்பால் தெரியும் அந்தக் குன்றைக் காட்டி, சர்வே என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் அளவைப் பணிக்கு அடிக்கோடு 1802 ஏப்ரலில் இங்கேதான் போடப்பட்டது. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி, பரங்கிமலையருகே தொடங்கிப் பெரும்பாக்கத்தை நோக்கி, ஏறக்குறைய ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர் நீளத்தை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். நானூறு தடவை சங்கிலியை நீட்டியாக வேண்டும். சித்திரை வெயில் வேறு. எஃகு சூட்டில் நீளும் என்பது உங்கள் பாடத்தில் இருக்கிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு நூறு அடிச் சங்கிலி 0.36 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். இது என்ன பிரமாதம் என்று தோன்றும். பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழப் பதினான்கு சென்டிமீட்டர்! காலைக்கும் உச்சிவேளைக்கும் பத்து டிகிரி வேறுபட்டால் ஏறத்தாழ 1.4 மீட்டர் பிசகும். ஆகவே சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தார்கள்.

இதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. லாம்டனிடம் சங்கிலிகள் இரண்டு இருந்தன. ஒன்று அளப்பதற்கு, மற்றொன்று அளப்பதற்கன்று. அளக்கும் சங்கிலி இழுபட்டுத் தேய்ந்து நீண்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இரண்டாவதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். நம் முன்னோரும் இதை அறியாதவர்களல்லர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் அளித்த பொன்னெல்லாம் 'ஆடவல்லான்' என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்று கல்வெட்டு சொல்கிறது. எவ்வளவு பொன் என்று மட்டும் வெட்டிவிட்டால் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் வெட்டவேண்டும் என்று எண்ணினார்களே, அதுதான் அளவியல்.

அளவுகோலே தவறாக இருந்தால் என்ன செய்வது? இங்கே நமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் வருகிறார். 1699 முதல் இலண்டன் நாணயச்சாலையின் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். அங்கே அடித்த நாணயங்களில் சிலவற்றை ஒரு பெட்டியில் சேமித்து வைத்து, பொற்கொல்லர்கள் அடங்கிய நடுவர் குழு ஒன்று அவற்றை உலையில் இட்டுச் சோதிக்கும். பெட்டியின் பெயரால் அதற்குப் 'பிக்ஸ் ட்ரையல்' என்று பெயர். 1710-ஆம் ஆண்டுச் சோதனையில், நியூட்டனின் பொன் நாணயங்கள் தரக்குறைவு என்று குழு சொல்லிவிட்டது. நியூட்டன் சும்மா இருப்பாரா? ஒப்பிடுவதற்கு வைத்திருந்த மாதிரித் தகட்டையே ஆராய்ந்தார். 1707-இல் செய்த அந்தத் தகடு, சட்டம் சொல்லும் 22 காரட்டைவிடக் கூடுதல் தூய்மையுள்ளது என்று காட்டினார். பின்னர் அத்தகட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய தகட்டுக்கே திரும்பினார்கள். தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டார் என்பதும் உண்மை. ஆனால் அவர் எண்களைத் திருத்தவில்லை, தகட்டைச் சோதித்தார்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். உங்கள் செய்முறை நோட்டைத் திறந்து பாருங்கள். 'ஓம் விதியைச் சரிபார்த்தல்' என்று ஒரு தலைப்பு இருக்கும். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு 'வெரிஃபை' என்று இருக்கும். இந்த வெரிஃபை என்ற சொல்லைப் பிரித்தால், 'வெரி' என்பது மெய். 'ஃபை' என்பது ஆக்குதல். மெய்யாக்குதல்! நம் மாணவர்கள் இந்தச் சொல்லின் பகுதிப் பொருளை அகராதி பார்க்காமலேயே அறிந்திருக்கிறார்கள். விடை முன்கூட்டியே தெரியும். புள்ளிகள் நேர்கோட்டில் விழவேண்டும் என்பதும் தெரியும். விழாத புள்ளியை அழித்து, விழும் இடத்தில் வைத்து, விதியை மெய்யாக்கிவிடுகிறார்கள். சரிபார்க்கச் சொன்னால் சரிக்கட்டிவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை. தாள்களைப் புரட்டினால் 979, 980, 981, 980 என்று ஒரே ஊர்வலம். ஒரு மாணவியின் தாளில் மட்டும் 940.5 என்று இருந்தது. ஊசலின் நீளம் 80 சென்டிமீட்டர். 20 அலைவுகளுக்கு 36.65 விநாடி. அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, புத்தகத்தில் எவ்வளவு போட்டிருக்கிறது?" என்றேன். "980 சார்" என்றாள். "பின்னே இது?" "மூணு தடவை பார்த்தேன் சார். இதுதான் வருது." குரல் நடுங்கியது, எண்ணை மாற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. உடனிருந்த ஆசிரியர், "அலைவை எண்ணும்போது பிசகியிருப்பாள் சார், இரண்டு மார்க் குறைத்துவிடலாம்" என்றார்.

எண்ணும்போது பிசகியிருக்க முடியுமா? ஊசலை விடும்போதே 'ஒன்று' என்று தொடங்குவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்போது இருபது என்று எண்ணும்போது உண்மையில் பத்தொன்பது அலைவுகளே ஆகியிருக்கும், காலம் குறையும், விடை கூடும். இங்கேயோ விடை குறைந்திருக்கிறது. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் மேற்புறத்தோடு நிறுத்தியிருந்தால் விடை குறையும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறையும், நான்கு சதவீதம் குறையாது. எஞ்சியது கடிகாரம். அவள் மேசையிலிருந்த சாவி கொடுக்கும் நிறுத்துக் கடிகாரத்தை என் கைப்பேசியின் கடிகாரத்தோடு ஒரே சமயத்தில் ஓடவிட்டேன். கைப்பேசி ஐந்து நிமிடம், அதாவது 300 விநாடி காட்டியபோது நிறுத்துக் கடிகாரம் 306 விநாடி காட்டியது. நூற்றுக்கு இரண்டு முந்துகிறது. காலத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோமாதலால் விடை நூற்றுக்கு நான்கு குறையும். அவள் எண் துல்லியமாகவே சொல்லியிருக்கிறது. எதைப் பற்றிச் சொன்னது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. அது புவியைப் பற்றி மட்டுமன்றிக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருப்பேன். ஒரு சந்தேகம் தோன்றி, முந்தின குழுவில் அதே மேசையில், அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதே ஊசல் சோதனையைச் செய்த மாணவனின் தாளைத் தேடி எடுத்தேன். அதில் 979.6 என்று இருந்தது. முழு மதிப்பெண் போட்டிருந்தோம். போட்டவன் நான்தான்.

அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் படிக்கிற காலத்தில் 980-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதியவன்தான். எழுதச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் 980-க்கு மதிப்பெண் உண்டு, 940-க்கு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏமாற்றுவது எப்படி என்று எவரும் கற்றுக்கொடுக்காமலே, மதிப்பெண் முறை ஒன்றே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே என் கருத்து இது. செய்முறை நோட்டிலிருந்து 'சரிபார்த்தல்' என்ற தலைப்பை எடுத்துவிட வேண்டும். 'ஒரு கம்பியில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் காணல்' என்று தலைப்பிடுங்கள். கம்பிச் சுருளோடு டார்ச் விளக்கின் பல்பு ஒன்றையும் கொடுங்கள். பல்பின் இழை சூடேற ஏறத் தடை கூடிக்கொண்டே போவதால் வரைபடம் நேர்கோடாக வராது, வளையும். நேர்கோட்டையே எதிர்பார்த்துப் பழகிய கை தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் எக்ஸ்பெரிமென்ட் தொடங்குகிறது. மதிப்பெண்ணை விடைக்குப் போடாமல், மையால் எழுதிய முதல் அளவீடுகளுக்கும், விடை ஏன் விலகியது என்று மாணவர் தேடும் தேடலுக்கும் போடுங்கள்.

இதற்கு ஆசிரிய நண்பர்கள் சொல்லும் மறுப்பும் எனக்குத் தெரியும். நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம், கருவிகளோ பழையவை, ஒவ்வொருவர் பிழையையும் துருவிக்கொண்டிருந்தால் பாடம் நகராது, புத்தக விடைக்கு அருகில் வந்தால் ஒழுங்காகச் செய்தார்கள் என்பதற்கு அதுவே அடையாளம் என்பார்கள். முதல் மூன்றும் நியாயம். கடைசியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டுப்போன கடிகாரத்தோடு 979.6 வந்திருக்கிறதே, அது எதற்கு அடையாளம்? பரிசோதனைகள் பன்னிரண்டில் ஐந்தைக் குறைத்துவிட்டு, எஞ்சிய ஏழை நிதானமாகச் செய்தால் நட்டமில்லை என்றே நினைக்கிறேன்.

புத்தக எண்ணும் ஒன்றும் வேதவாக்கன்று. 980 என்பது வசதிக்காக எழுதப்படும் எண். புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் அது ஏறத்தாழ 978.3. நன்றாகச் செய்த சோதனைக்கு 978 வந்து, அதை 980 என்று 'திருத்திய' மாணவர்கள் எத்தனை பேரோ! கிலோகிராமையே பாருங்கள். பாரிஸ் அருகே வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராம் என்று நூறாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தோம். அதன் 57-ஆம் எண் பிரதி புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. உருளையையும் பிரதிகளையும் ஒப்பிட்டபோது, நூறாண்டில் அவற்றுக்கிடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வளர்ந்திருந்தது. மாறியது உருளையா, பிரதிகளா என்று எப்படிச் சொல்வது? கிலோகிராம் என்பதே அந்த உருளைதான் அல்லவா? கடைசியில் 2019 மே 20 முதல் உருளையைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள்.

அந்த மாணவியிடம் கடிகாரத்தின் பிழையைச் சொல்லி, விடையை மறுபடி கணக்கிடச் சொன்னேன். 36.65-ஐ 300-ஆல் பெருக்கி 306-ஆல் வகுத்தாள், 35.93 விநாடி, விடை 978.6 வந்தது. "இதுவும் எண்ணை மாத்துறதுதானே சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 980 வரவேண்டும் என்பதற்காக நேரத்தை மாற்றினால் அது சரிக்கட்டுவது. விடை என்ன வரும் என்றே பாராமல் கடிகாரத்தைத் தனியே சோதித்து, அதன் பிழை இவ்வளவு என்று கண்டு, அதற்காக மட்டும் மாற்றினால் அது சரிபார்ப்பது. லாம்டன் சங்கிலியின் வெப்பத்துக்காகச் செய்த திருத்தமும் இதே வகைதான் என்று சொன்னேன். பழைய எண்ணை அழிக்காமல், அதன் கீழே புதியதை எழுதி, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதும்படி சொன்னேன். ஆசிரியரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மார்க் பேச்சு அதன்பின் எழவில்லை.

கடிகாரத்தை எறிந்துவிடலாம் என்றார் ஆய்வக உதவியாளர். வேண்டாம் என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் 'ஐந்து நிமிடத்துக்கு ஆறு விநாடி முந்தும்' என்று எழுதி, தேதியும் போட்டு, அதன் முதுகில் ஒட்டிவிட்டு வந்தேன்.